முதல்முறையாக பாடி லிஃப்ட் கிட் போடுகிறவருக்கு

டிரக்கின் மேல்பாகத்தைச் சில இன்ச் உயர்த்துவதற்கான பாடி லிஃப்ட் கிட் பெட்டியைத் திறந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. உருளையான சில கட்டைகள், நீளமான போல்ட்டுகள், வாஷர்கள், வளைத்த இரும்புத் தகடுகள், ஒரு வழிமுறைத் தாள். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். கட்டையை வைத்து போல்ட்டை முடுக்குவது சுலபம்தான். வேலை இருப்பது வேறு இடத்தில்.

டிரக் வெளியிலிருந்து ஒரே வண்டியாகத் தெரிந்தாலும் அது இரண்டு துண்டு. கீழே சேஸ். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், எரிபொருள் டேங்க் எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மேலே பாடி. கேபின், முன்பக்க மட்கார்டுகள், பானெட், பின்னால் சரக்குத் தொட்டி. இரண்டையும் பிடித்து வைத்திருப்பவை சில போல்ட்டுகளும் ரப்பர் புஷ்களும் மட்டுமே. ஆனால் இந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவே ஸ்டியரிங் கம்பி, பிரேக் குழாய், ஹோஸ்கள், ஒயர்கள், கேபிள்கள் என்று ஏகப்பட்டவை ஓடுகின்றன. பாடியை 2 இன்ச் தூக்கினால் அவை ஒவ்வொன்றும் 2 இன்ச் தூரத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். அவற்றை ஒன்றுவிடாமல் கண்டுபிடித்து வழிசெய்து கொடுப்பதுதான் உண்மையான வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே தானாகப் புரியும்.

இது எதற்கு, எதற்கு இல்லை

பாடி லிஃப்ட் போட்டதால் மட்டும் வண்டியின் தரை இடைவெளி கூடாது. பலர் இதைத் தெரியாமல்தான் கிட் வாங்குகிறார்கள். மேடு பள்ளத்தில் கல்லில் இடிப்பது டிஃபரன்ஷியலும் (ஆக்சிலின் நடுவே உள்ள கியர் உருண்டை) சேஸும். இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கிடைப்பது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கூடுதல் இடம். அந்த இடத்தில் பெரிய டயர் போடலாம். தரை இடைவெளியைக் கூட்டுவது அந்த டயர்தான், அதுவும் பாதி அளவுக்கு. 31 இன்ச் டயரைக் கழற்றிவிட்டு 33 இன்ச் போட்டால் ஆக்சில் 1 இன்ச் மேலே வரும்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் வேறு. அதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாறும், சேஸும் சேர்ந்து உயரும், ஆக்சில்களின் கோணங்கள் மாறும், செலவும் எகிறும். பாடி லிஃப்டில் சஸ்பென்ஷனைத் தொடுவதே இல்லை. அதனால் வீல் அலைன்மென்ட் அப்படியே இருக்கும், ஓட்டும் உணர்வும் பெரிதாக மாறாது. பெரிய டயருக்கு இடம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது நல்ல வழி. பாறை ஏறுவதுதான் குறிக்கோள் என்றால் இதில் பணம் போடாதீர்கள்.

கிட்டுகள் பெரும்பாலும் 1 முதல் 3 இன்ச் வரை வருகின்றன. முதல்முறை செய்பவர் 2 இன்ச்சைத் தாண்ட வேண்டாம் என்பேன். 3 இன்ச் என்றால் ஸ்டியரிங், கியர் லீவர், ரேடியேட்டர் என்று எல்லாவற்றிலும் சிக்கல் ஒரு படி கூடும். கட்டை உயர உயர போல்ட்டும் நீளும். மோதலின்போதும் திடீர் பிரேக்கின்போதும் பாடி அந்த போல்ட்டை வளைக்கப் பார்க்கும் விசையும் அதோடு கூடும். இரண்டு கிட்டுகளின் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது கூடவே கூடாது. ஐஸ் ஹாக்கி ஆடும் ரப்பர் வில்லைகளை வைத்தே பாடியைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். குழாய்த் துண்டு, மரக்கட்டை வைக்கிறவர்களும் உண்டு. அந்த வழிக்குப் போகாதீர்கள். கிட்டுக்குள் இருக்கும் கட்டைகளைவிட ஸ்டியரிங் இணைப்பும் தகடுகளும்தான் விலைமதிப்பானவை.

உங்கள் வண்டிக்கு ஆகுமா

தனிச் சேஸ் உள்ள வண்டிக்கு மட்டும்தான் இது. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் போன்றவை அந்த வகை. ஹோண்டா ரிட்ஜ்லைன் பார்ப்பதற்கு பிக்கப்தான், ஆனால் அதில் பாடியும் சேஸும் ஒரே உடல். பிரிக்க எதுவும் இல்லை, தூக்கவும் முடியாது. சந்தேகம் இருந்தால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன்னிருந்து பின்வரை இரண்டு தடித்த இரும்புத் தண்டவாளங்களும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீட்டிய தாங்கிகளின்மேல் ரப்பர் புஷ்களும் தெரிந்தால் சரி.

படுத்திருக்கும்போதே துருவையும் பார்த்துவிடுங்கள். தாங்கிகளை ஒரு ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தாலோ முனை உள்ளே போனாலோ லிஃப்ட்டை மறந்துவிட்டு முதலில் வெல்டரைப் பாருங்கள். ரப்பர் புஷ்கள் வெடித்தோ நசுங்கியோ இருந்தால் இந்த வேலையோடு சேர்த்து மாற்றிவிடலாம். எப்படியும் எல்லா போல்ட்டையும் கழற்றத்தான் போகிறீர்கள்.

இன்னொன்று, காகித வேலை. வண்டியின் உயரத்தை மாற்றுவதற்கான விதி நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் அனுமதியும் பரிசோதனையும் வேண்டும், சில இடங்களில் கூடவே கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கிட் வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

கிட்டும் கருவிகளும்

உங்கள் வண்டியின் மாடல், ஆண்டு, கேபின் வகை, மேனுவல் கியரா ஆட்டோமேட்டிக்கா, இரு சக்கர இயக்கமா நான்கா என்பது வரை பொருந்தும் கிட்டைத்தான் வாங்க வேண்டும். ‘எல்லா வண்டிக்கும்’ என்று எழுதிய பெட்டியில் கட்டைகள் மட்டும்தான் இருக்கும். கட்டைகள் பாலியூரித்தேன், நைலான், அலுமினியம் என்று வரும். நல்ல கம்பெனியுடையது என்றால் எதுவானாலும் பரவாயில்லை. கவனிக்க வேண்டியது போல்ட்டைத்தான். மெட்ரிக் போல்ட் என்றால் தலையில் 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். இன்ச் அளவு போல்ட் என்றால் தலையில் ஆறு கோடுகள் இருக்க வேண்டும், அது கிரேடு 8. மூன்று கோடுகள் இருந்தால் ஒரு தரம் குறைவு. கோடே இல்லாத போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் தாளில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றையும் எண்ணிப் பாருங்கள். பாதி பாடி காற்றில் நிற்கும்போது ஒரு போல்ட் குறைகிறது என்று தெரிவது நல்ல நேரம் இல்லை. அப்புறம் அந்தத் தாளை இரண்டு முறை முழுதாகப் படியுங்கள். நான் இங்கே சொல்வது பொதுவான முறை. உங்கள் வண்டிக்கான தாள் வேறு மாதிரி சொன்னால் தாள் சொல்வதுதான் சரி.

கருவிகளில் முக்கியமானவை இவை. நல்ல ஹைட்ராலிக் டிராலி ஜாக்கி ஒன்று, இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. ஜாக்கி தலைக்கும் பாடிக்கும் நடுவே வைக்க அகலமான தடித்த மரப்பலகை. அரை இன்ச் டிரைவ் பாக்ஸ் ஸ்பேனர் செட், நீளமான கைப்பிடி, நீட்டிப்புத் தண்டுகள். போல்ட்டைக் குறித்த விசைக்கு (டார்க்) மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். தொட்டி போல்ட்டுகளுக்குப் பல வண்டிகளில் நட்சத்திரத் தலை இருக்கும், அதற்கான பிட்டைத் தரமானதாக வாங்குங்கள், மலிவானது முதல் போல்ட்டிலேயே முறுகிவிடும். துரு இளக்கும் ஸ்பிரே, போல்ட் தளராமல் மரையில் தடவும் நீல நிறப் பசை (த்ரெட் லாக்கர்), கேபிள் டை, மார்க்கர் பேனா, மாஸ்கிங் டேப், நெம்புவதற்கு ஒரு கடப்பாரை, பாதுகாப்புக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேலாக, கூட ஒரு ஆள். ஜாக்கியில் ஒருவர் நிற்க, இன்னொருவர் டார்ச்சோடு சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். தனியாகச் செய்யும் வேலை இல்லை இது.

நேரம்? பழகிய மெக்கானிக் ஒரே நாளில் முடிப்பார். நீங்கள் இரண்டு முழு நாளை ஒதுக்குங்கள், மறுநாள் அந்த வண்டியில் எங்கேயும் போக வேண்டிய கட்டாயம் இல்லாதபடி.

சில நாள் முன்பே

பாடி போல்ட் ஒவ்வொன்றிலும் துரு இளக்கும் ஸ்பிரேயை அடியுங்கள். மறுநாளும், அதற்கு மறுநாளும் அடியுங்கள். ஊறுவதற்கு நேரம் கொடுத்தால் பாதிச் சண்டை முடிந்த மாதிரி. கேபினுக்குள் கார்பெட்டுக்கு அடியில் ரப்பர் மூடிகள் இருந்தால் அவற்றைத் திறந்து மேலிருந்தும் மரையில் படும்படி அடிக்கலாம். ரப்பர் புஷ்ஷை நனைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதும்.

அப்புறம் போட்டோ எடுங்கள். இன்ஜின் அறை, ஸ்டியரிங் கம்பி, ரேடியேட்டரைச் சுற்றி, டேங்க் குழாய், கியர் இணைப்பு, எர்த் ஒயர்கள். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலும் கீழும், இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். பாடி திரும்ப உட்காரும்போது நேராக உட்கார்ந்ததா என்பதைச் சொல்லப்போவது இந்த எண்கள்தான்.

தூக்கும் முன் விடுவிக்க வேண்டியவை

வண்டியைச் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். தொட்டி காலியாக இருக்கட்டும், டேங்க்கிலும் எரிபொருள் குறைவாக இருக்கட்டும். முன்சக்கரங்கள் நேராக. நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் அடைக்கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை நம்பி வேலை செய்ய முடியாது, அந்த கேபிளையே தளர்த்த வேண்டிவரலாம். கியர் இணைப்பும் அப்படித்தான்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா இருங்கள். ஏர்பேக் மின்சுற்றில் தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்க அந்த நேரம் வேண்டும்.

அடுத்து ஸ்டியரிங். சக்கரங்கள் நேராக இருக்கும்போதே ஸ்டியரிங் வீலைப் பூட்டுங்கள். பூட்டு இல்லையென்றால் சீட் பெல்ட்டை வீலுக்குள் விட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஏன் இவ்வளவு கவனம் என்றால், வீலுக்கு அடியில் சுருளாக ஒரு மின்நாடா இருக்கிறது. ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் போவது அதன் வழியாக. கீழே கம்பியைக் கழற்றிய பிறகு யாராவது வீலைச் சும்மா சுற்றிவிட்டால் நாடா அறுந்துவிடும். பூட்டிய பிறகு கம்பி இணையும் இடத்தில் இரு பாகத்தின் மேலும் ஒரே கோடாக மார்க்கரால் அடையாளம் போட்டு, அதன்பின் இணைப்பு போல்ட்டைக் கழற்றுங்கள்.

இனி முன்னிருந்து பின்னாக ஒரு நடை. பானெட்டைத் திறந்து, ‘இதன் ஒரு முனை பாடியில், மறுமுனை இன்ஜினிலோ சேஸிலோ இருக்கிறதா?’ என்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே போங்கள்.

முன் பம்பர் பெரும்பாலும் சேஸில் மாட்டியது, கிரில்லும் மட்கார்டும் பாடியில். நடுவில் கிளிப் போட்ட பிளாஸ்டிக்குகள் கிழியாமல் இருக்க பம்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். ரேடியேட்டர் பாடியோடு சேர்ந்து மேலே போகும். ஃபேன் இன்ஜினில் மாட்டியதாக இருந்தால் அது கீழேயே நிற்கும். அப்படியானால் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவர் மேலே ஏறி, அதன் அடிவிளிம்பு ஃபேன் இறக்கையில் இடிக்கும். அதனால் கவரின் போல்ட்டுகளை இப்போதே கழற்றிப் பின்பக்கமாக, ஃபேனைச் சுற்றித் தளர்வாக விட்டுவிடுங்கள். மின்சார ஃபேன் ரேடியேட்டரிலேயே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றிவிடலாம். ஹீட்டர் ஹோஸ்களுக்குப் பெரும்பாலும் போதுமான தளர்வு இருக்கும், பிடித்திருக்கும் கிளிப்பை மட்டும் விடுவித்தால் போதும். ஏ.சி. குழாய்களின் இணைப்பை எக்காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது. கிளிப்பைக் கழற்றி அசைய இடம் கொடுங்கள், அவ்வளவுதான். இன்ஜினிலிருந்து ஃபயர்வாலுக்கும் (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்), சேஸிலிருந்து பாடிக்கும் போகும் எர்த் ஒயர்களைக் கழற்றுங்கள். தடித்து, குட்டையாக இருக்கும் இவைதான் அதிகம் மறக்கப்படுகிறவை, முதலில் அறுபவையும் இவைதான்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஃபயர்வாலில் இருக்கிறது, அதாவது பாடியில். அங்கிருந்து சேஸுக்கு இறங்கும் இரும்புக் குழாய்களில் சில வண்டிகளில் சுருள்கள் இருக்கும், அவை விரிந்து கொடுக்கும். இல்லையென்றால் சேஸில் பிடித்திருக்கும் தகட்டைக் கழற்றி, குழாய் மெதுவாக நிமிர இடம் கொடுக்க வேண்டும். கிட்டில் இதற்கென்று தகடு இருக்கலாம். மேனுவல் கியர் வண்டியில் கிளட்ச் குழாய்க்கும் இதே கதை. ஆட்டோமேட்டிக்கில் கியர் மாற்றும் கேபிளையோ கம்பியையோ கியர்பாக்ஸ் பக்கம் கழற்றுங்கள். மேனுவலில் லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைக் கேபினுக்குள்ளிருந்து திறந்து விடுங்கள், நான்கு சக்கர இயக்க லீவருக்கும் அப்படியே.

பின்னால் டேங்க் மூடி இருக்கும் இடத்தில் நிரப்புக் குழாயின் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். குழாய் டேங்க்கோடு கீழே நிற்கட்டும். பக்கத்தில் சிகரெட், வெல்டிங், தீப்பொறி எதுவும் வேண்டாம். பின்விளக்கு ஒயரிங் இணைப்பையும் பிரித்துவிடுங்கள்.

போல்ட்டைத் தளர்த்துதல்

பாடி போல்ட்டுகள் பல கீழிருந்து மேலாகப் போய், கேபின் தரைக்குள் ஒரு சின்னக் கூண்டில் அடைபட்ட நட்டில் பிடிக்கின்றன. துருப்பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் அந்தக் கூண்டு பிய்ந்து, நட்டும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். இந்த வேலையிலேயே மிகவும் எரிச்சலான இடம் அதுதான். அதனால் எடுத்த எடுப்பில் இம்பாக்ட் கன்னை (தட்டித் தட்டித் திருகும் கருவி) தூக்காதீர்கள். நீளக் கைப்பிடி போட்டு நிதானமாக அழுத்துங்கள். அசைந்ததும் அரைச்சுற்று வெளியே, கால்சுற்று உள்ளே, மறுபடி ஸ்பிரே. தொழிற்சாலையிலேயே மரைப் பசை போட்டிருந்தால் ஹீட் கன்னால் சூடேற்றினால் இளகும். தீயை வைக்காதீர்கள், பக்கத்திலேயே ரப்பரும் கார்பெட்டும் இருக்கின்றன.

நட் சுற்றியே விட்டதென்றால் பயப்பட ஒன்றும் இல்லை. கார்பெட்டை விலக்கி, அந்த நட்டுக்கு நேர் மேலே தரைத் தகட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, ஸ்பேனரால் நட்டைப் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். பிறகு ஓட்டையின் விளிம்புக்குத் துரு தடுக்கும் பெயின்ட் அடித்துத் தகடு வைத்து மூடிவிடலாம்.

எல்லா கேபின் போல்ட்டுகளையும், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் முன்பக்க போல்ட்டுகளையும் முதலில் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம். தளர்த்தினால் போதும். பிறகு ஒரு பக்கத்து போல்ட்டுகளை மட்டும் முழுதாகக் கழற்றுங்கள். மறுபக்கத்தில் மரை இரண்டு மூன்று சுற்றாவது பிடித்திருக்க வேண்டும். அது கீல் மாதிரி வேலை செய்து பாடி நகர்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கழற்றினால் பாடி எந்தப் பக்கம் வழுக்கும் என்று சொல்ல முடியாது.

தூக்குதல்

ஜாக்கியைப் பாடியின் தடித்த பகுதியில் கொடுக்க வேண்டும். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் விளிம்பின் உட்புறம், அல்லது தரைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டம். வெறும் தரைத் தகட்டில் கொடுத்தால் அப்பளம் மாதிரி மடங்கும். நடுவே மரப்பலகை கட்டாயம்.

இப்போது ஒரு இன்ச் தூக்கி நிறுத்துங்கள். கூட இருப்பவர் சுற்றிப் பார்க்கட்டும். ஏதாவது விறைப்பாக இழுபடுகிறதா? ஃபேன் கவர் இடிக்கிறதா? கேபினின் பின்பக்கம் தொட்டியில் உரசுகிறதா? எங்கிருந்தாவது ‘டிக்’ என்று சத்தமா? இருந்தால் இறக்கிவிட்டுச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம். தாங்கியின் புஷ்ஷுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை நுழையும் அளவு கிடைத்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் தூக்கினால் மறுபக்க போல்ட்டுகள் வளையும்.

கட்டையை வைப்பதற்கு முன், சேஸுக்கும் பாடிக்கும் நடுவே தாங்கிக்குப் பக்கத்தில் கெட்டியான மரக்கட்டைகளைச் செருகிவிடுங்கள். ஜாக்கி நழுவினால் பாடி அந்த மரத்தில் நிற்க வேண்டும், உங்கள் விரலில் இல்லை. கிட் கட்டையைப் பக்கவாட்டில் பிடித்து உள்ளே தள்ளுங்கள், விரல் அடியிலோ மேலோ போகக் கூடாது. கடைசி அரை இன்ச்சை ஒரு குச்சியால் தள்ளினால் போதும்.

பெரும்பாலான கிட்டுகளில் கட்டை பழைய மேல் புஷ்ஷின்மேல் உட்காரும். புஷ்ஷை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கட்டை வைப்பதில்லை. ரப்பர் இல்லாவிட்டால் சேஸின் அதிர்வு முழுதும் கேபினுக்குள் வந்துவிடும். சில வண்டிகளில் முன் கட்டையும் பின் கட்டையும் உயரம் வேறாக இருக்கும், தாளில் எந்த எண் எந்த இடம் என்று பார்த்து வையுங்கள்.

ஒரு பக்கத்தின் எல்லாக் கட்டைகளும் உட்கார்ந்ததும் மரக்கட்டைகளை எடுத்துவிட்டு மெதுவாக இறக்குங்கள். புதிய நீள போல்ட்டுகளைக் கையால் சில சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். ஓட்டைகள் நேராக இல்லை என்று அர்த்தம். கடப்பாரையால் பாடியை லேசாக நெம்பினால் நேராகிவிடும். கோணலாக ஏறிய போல்ட் கூண்டு நட்டின் மரையைத் தின்றுவிடும். அந்தப் பக்கத்து போல்ட்டுகள் எல்லாம் பிடித்த பிறகே மறுபக்கத்துக்குப் போக வேண்டும். மறுபக்கமும் இதேதான்.

சரக்குத் தொட்டிக்கும் இதே முறைதான், இன்னும் எளிது. ஆறோ எட்டோ போல்ட்டுகள் இருக்கும், குறுக்கே ஓடும் ஒயர் குறைவு. ஆட்கள் கிடைத்தால் தொட்டியை மொத்தமாகத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவதே வசதி என்பேன். டேங்க், நிரப்புக் குழாய், பிரேக் குழாய் எல்லாம் கண்முன்னே திறந்து கிடக்கும்.

இறுக்குதல்

எல்லா போல்ட்டும் கையால் ஏறி, கேபினுக்கும் தொட்டிக்கும் இடையிலான இடைவெளி நீங்கள் எழுதி வைத்த எண்களோடு ஒத்துப்போன பிறகு, ஒவ்வொரு போல்ட்டாக இறக்கி, த்ரெட் லாக்கர் தடவித் திரும்ப ஏற்றி, டார்க் ரெஞ்ச்சால் தாளில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஒரே மூச்சில் ஒரு போல்ட்டை முழுதாக இறுக்காமல், இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று இரண்டு மூன்று சுற்றில் கொண்டு வாருங்கள். ‘இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்’ என்று கூடுதலாக முடுக்குவது இங்கே உதவாது. ரப்பர் பிதுங்கும், சில நாளில் போல்ட் தளரும்.

திரும்ப இணைத்தல்

ஸ்டியரிங்கை முதலில் முடியுங்கள். சில வண்டிகளில் கம்பி தானே நீளும் அமைப்பு இருக்கும், 1 இன்ச்சுக்கு அதுவே போதலாம். மற்றவற்றில் கிட்டில் உள்ள நீட்டிப்புத் துண்டை நடுவே கொடுக்க வேண்டும். மார்க்கர் கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக வர வேண்டும். இணைப்பு போல்ட், கம்பியில் அதற்கென்று உள்ள வெட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், த்ரெட் லாக்கரும் தாளில் உள்ள டார்க்கும் இங்கே பேரம் பேச முடியாதவை. நீட்டிப்பை நீங்களே வெல்ட் வைத்துச் செய்யக் கூடாது. முடித்ததும், பழகிய மெக்கானிக் ஒருவரிடம் இந்த ஒரு இணைப்பை மட்டுமாவது காட்டிவிடுங்கள்.

ரேடியேட்டரை கிட்டில் வந்த தகடுகளால் பழைய உயரத்துக்கு இறக்கலாம், அல்லது கவரை மட்டும் இறக்கலாம். கிட் எதைச் சொல்கிறதோ அது. எப்படியானாலும் ஃபேன் இறக்கைக்கும் கவருக்கும் இடையே சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி இருக்க வேண்டும். ஃபேனைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

கியர் விஷயத்தில் மேனுவல் லீவர் இப்போது கேபினுக்குள் 2 இன்ச் குட்டையாகத் தெரியும். ஒவ்வொரு கியரையும் போட்டுப் பாருங்கள், குறிப்பாக லீவரைப் பின்பக்கம் இழுத்துப் போடும் கியர்களில் அது தரை ஓட்டையின் விளிம்பில் இடிக்கக் கூடாது. இடித்தால் ஓடும்போது கியர் தானாகக் கழன்றுவிடும். கிட்டில் வளைந்த நீட்டிப்பு இருந்தால் அதற்காகத்தான். ஆட்டோமேட்டிக்கில் காட்டியில் ‘பி’ (பார்க்கிங்) என்றால் கியர்பாக்ஸும் ‘பி’யில் இருக்கிறதா என்று சரிபார்த்து கேபிளைச் சரிசெய்ய வேண்டும்.

நிரப்புக் குழாயின் ரப்பர் பகுதி இழுபட்டு நிற்கக் கூடாது. மடிப்போ பள்ளமோ விழுந்தால் எரிபொருள் நிரப்பும்போது திரும்பப் பொங்கும். எர்த் ஒயர்கள் எட்டவில்லை என்றால் அதே தடிமனில் நீளமானதை வாங்கி மாட்டுங்கள், ஒட்டுப் போடாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்த நிலையில் பின்சக்கரங்கள் தாராளமாகச் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். கேபிள் விறைத்திருந்தால் பிரேக் உரசிக்கொண்டே இருக்கும்.

பம்பர்களைக் கிட்டின் தகடுகளோடு மேலேற்றி மாட்டுங்கள். தகடு இல்லாத கிட் என்றால் கிரில்லுக்கும் பம்பருக்கும் நடுவே வாய் பிளந்த மாதிரி இடைவெளி தெரியும். சக்கரக் குழிகளில் சேஸுக்கும் பாடிக்கும் நடுவே தெரியும் இடைவெளியை மூட ரப்பர் திரைகள் தனியாகக் கிடைக்கின்றன. அழகுக்கு மட்டும் இல்லை, இன்ஜின் அறைக்குள் சேறு அடிக்காமல் இருக்கவும் அவை வேண்டும்.

சாவி போடும் முன்னும் பின்னும்

பேட்டரியை மாட்டும் முன், இன்ஜின் அணைந்த நிலையிலேயே ஒருவர் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப, இன்னொருவர் கீழே கம்பியைப் பார்க்க வேண்டும். எங்கும் தட்டவோ இறுகவோ கூடாது. இதற்கு முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால் எளிது. பிரேக் பெடலை அழுத்திப் பிடியுங்கள். கால் மெதுவாக உள்ளே போனாலோ குழாயில் ஈரம் தெரிந்தாலோ வண்டி நகரக் கூடாது.

சரி, இன்ஜினை ஓட விடுங்கள். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு, ஏ.பி.எஸ். விளக்கு அணைகிறதா? ஹார்ன் அடிக்கிறதா? பின்விளக்குகள் எரிகின்றனவா? இன்ஜின் சூடேறும்வரை நின்று, ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், ஹோஸ்களைப் பாருங்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், மெதுவாக, நிறைய பிரேக் பிடித்து. திரும்பி வந்ததும் மறுபடி அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா பாடி போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சரிபாருங்கள். புதுக் கட்டைகள் உட்கார்ந்து சில போல்ட்டுகள் லேசாகத் தளர்ந்திருக்கும். ஸ்டியரிங் இணைப்பையும் அப்போதே பாருங்கள். ஹெட்லைட்டுகள் இப்போது முன்பைவிட 2 இன்ச் மேலே இருக்கின்றன, எதிரில் வருபவர் கண்ணைக் கூசும். கீழே இறக்கிச் சரிசெய்யுங்கள்.

டயரை லிஃப்ட் போட்ட பிறகுதான் வாங்க வேண்டும். ஒரு டயரைக் கடனாகவாவது மாட்டி, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, உள்ளே சேஸிலோ சஸ்பென்ஷன் கையிலோ உரசுகிறதா என்று பாருங்கள். பாடி லிஃப்ட் மேலே இடம் தரும், உட்பக்கம் தராது. ஸ்டெப்னி பெரிய அளவில் அடியில் அடங்குமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். 31 இன்ச்சிலிருந்து 33 இன்ச்சுக்குப் போனால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி சுமார் 106 கிலோமீட்டர் வேகத்தில் போகும். மீட்டரைத் திருத்தும் வரை இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும். வண்டியின் எடை மையமும் கொஞ்சம் மேலே போயிருக்கிறது, பழைய வேகத்தில் வளைவுகளை எடுக்காதீர்கள்.

கழற்றிய பழைய போல்ட்டுகளையும் தகடுகளையும் எது எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போதோ, பரிசோதனையில் பழையபடி இறக்கச் சொன்னாலோ தேவைப்படும்.